ஒத்துப் பார்க்கவும்

மூன்றாவது மாடியில் ஒரு குரு இருந்தார். சிஷ்யரைவிட அவருக்குப் பதினோரு வயது குறைவு.

குருவின் பெயர் டாக்டர் செய்யதலி பாத்திமா. திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகளின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சின்னச் சின்னத் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பார். சிஷ்யர் டாக்டர் கோலப்பன். அதே ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் தோல் டாக்டர். ஊரில் பாதிப் பேருடைய முதுகைப் பார்த்தவர். கல்யாண வீட்டில் ஆளின் முகத்தைப் பார்த்தால் அவருக்குப் பெயர் வராது, சட்டையைக் கழற்றினால் சொல்லிவிடுவார் என்று கேலி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் எதற்கு மாடியேறிப் போய்ச் சிஷ்யரானார்? கோபத்தில்தான்.

தோல் டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் தோலில் ஒரு துண்டு எடுத்து மாடிக்கு அனுப்புவார். மாடியிலிருந்து ரிப்போர்ட் வரும். இங்கிலீஷில் வரும். அதன் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். தமிழில் சொன்னால், 'நோயாளியோடு ஒத்துப் பார்க்கவும்.' மைக்ராஸ்கோப்பில் தெரிந்ததை நாங்கள் சொல்லிவிட்டோம், ஆளை நேரில் பார்க்கிறவர் நீங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு பண்ணுங்கள் என்று அர்த்தம். நல்ல வரிதான். வருஷக்கணக்காக அதையே படித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"எனக்குத் தெரியாமத்தானே மேல அனுப்புதேன்? என்கிட்டயே திருப்பிக் கேட்டா எப்படி?" என்பார் கோலப்பன். "ஒத்துப்பார், ஒத்துப்பார்! மேல இருந்துகிட்டு ஒத்து ஊதுதாங்க."

அந்த எரிச்சலோடு எரிச்சலாக வந்து சேர்ந்தது உலகம்மாளின் கேஸ்.

உலகம்மாள் சித்தாள் வேலை பார்ப்பவள். அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் கல் சுமந்து, மண் சுமந்து, கடைசியில் தனக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் எழும்பிவிட்டது. தளம்தான் பாக்கி. அவளுடைய இடுப்பிலும் தொடையிலும் செம்மண் நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதோ இருந்தது. தொட்டால் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய சுருக்கம். அரிப்பு பெரிதாக இல்லை. அவள் அதைப் 'படை' என்றாள். ஊரில் எல்லாமே படைதான். கோலப்பனுக்கு அது படையாகத் தோன்றவில்லை. ஒரு துண்டு எடுத்தார்.

மாடியில் பாத்திமா பார்த்தார். இதை இரண்டு விதமாகவும் சொல்லலாம் என்று எழுதி, அடியில் வழக்கமான வரியைப் போட்டார். கோலப்பன் விடவில்லை. தோல் துண்டைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகளை வெளியூரில் இந்தத் துறையின் இரண்டு பெரியவர்களுக்கு அனுப்பினார்.

ஒரு பெரியவர் எழுதினார்: இது தோலில் வரும் புற்றின் முதல் படி. இப்படி இருப்பதையெல்லாம் அந்தப் பெயரில்தான் சேர்க்க வேண்டும்.

இன்னொரு பெரியவர் எழுதினார்: இது நாள்பட்ட அழற்சி. இதைப் புற்று என்பது அவசரக் குடுக்கைத்தனம். தனியாகப் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

இந்தச் சண்டை உலகம்மாளுக்காகப் புதிதாக வந்ததில்லை. அந்தத் துறையில் சேர்ப்பவர்கள் என்றும் பிரிப்பவர்கள் என்றும் இரண்டு கட்சியே உண்டு. மாநாடு போட்டு அடித்துக்கொள்வார்கள். சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு ரிப்போர்ட்டும் உலகம்மாள் கைக்குப் போயின. அவளுடைய அக்கா மகன் படித்துப் பொருள் சொல்லிவிட்டான். மறுநாள் அவள் கொத்தனாரைத் திருப்பி அனுப்பினாள். சென்ட்ரிங் பலகையைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னாள். நேராகக் கோலப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"டாக்டரையா, நான் தளம் போடட்டா, வேண்டாமா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சாகப்போறவளுக்குத் தளம் என்னத்துக்கு? ஒருத்தர் புத்துங்காவ, ஒருத்தர் இல்லைங்காவ. எதுன்னு ஒரு பேரைச் சொல்லுங்க. பேரு தெரியாம நான் ஒரு மருந்தும் தொடமாட்டேன்."

பதில் இல்லாததை ஒப்புக்கொள்ளும் பழக்கம் கோலப்பனிடம் இல்லை. "நானே பார்த்துச் சொல்லுதேன்" என்றார். அன்று மத்தியானமே மாடியேறி, பாத்திமாவிடம் போய், எனக்கு இதைக் கற்றுக்கொடுங்கள் என்றார்.

குரு அவரை மேலும் கீழும் பார்த்தார். "கோபம் போனதும் விட்டுட்டுப் போயிருவீங்களா?"

"போகாது."

"என்னது, நீங்களா கோபமா?"

"ரெண்டும்தான்."

அந்த வெயில்காலம் முழுக்க மத்தியானத்தில் கோலப்பன் மாடியில்தான் இருந்தார். காலையில் கீழே நோயாளி, மத்தியானம் மேலே கண்ணாடி. கெட்டிக்காரர், சீக்கிரம் பிடித்துக்கொண்டார். நாற்காலியில் குனிந்தால் நிமிர மாட்டார். வானத்தில் ஐப்பசி மேகம் தட்டுப்பட ஆரம்பித்தபோது அவர் தன்னைப் பாதி மாடிக்காரராகவே நினைக்கத் தொடங்கியிருந்தார்.

உலகம்மாளின் வீடு மட்டும் வானம் பார்த்து நின்றது. மழை இறங்கினால் சுவர் ஊறிப்போகும். அவள் சொல்லி அனுப்பினாள், இந்த வாரம் வருகிறேன், பேரோடு இருங்கள் என்று.

அவள் வருவதாகச் சொன்ன அன்று கோலப்பன் காலையிலேயே மாடிக்கு வந்துவிட்டார். அவளுடைய தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார்.

"மேடம், பாருங்க. நிணச்செல்கள் தோலோட கீழ்வரிசையில படை மாதிரி அணிவகுத்து நிக்குது. சிலது மேல ஏறியும் போயிருக்கு."

"படைன்னு யாரு சொன்னா?" என்றார் குரு. "பஸ்ஸுக்குக்கூட வரிசையாத்தான் நிக்காங்க."

கோலப்பன் நிமிர்ந்தார். "மேடம், நான் கேட்டே ஆகணும். அந்த ரெண்டு பெரியவங்கள்ல யார் சொல்றது சரி? சேர்க்கிறவரா, பிரிக்கிறவரா?"

குரு எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"இங்க வாங்க. கீழ கேட் பக்கத்துல என்ன அது?"

ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே வட்டமாக ஒரு கூட்டம். நடுவில் என்ன என்று தெரியவில்லை. தலைகள்தான் தெரிந்தன.

"ஆக்ஸிடென்ட்" என்றார் கோலப்பன். தயங்கவே இல்லை.

லேப் டெக்னீஷியன் டேவிட்சனும் வந்து எட்டிப் பார்த்தார். "இல்ல சார், அடிதடி. நடுவுல ஒருத்தன் கையை ஓங்குதான் பாருங்க."

"அடிதடின்னா சுத்தி நிக்கிறவன் விலகித்தான் நிப்பான். இதுல எல்லாரும் நெருங்கி நிக்காங்க. முன்வரிசை குனிஞ்சு பாக்குது. எவனோ கீழ கிடக்கான்."

"ஆக்ஸிடென்ட்ல கையை ஓங்குவானா சார்?"

"டிரைவரை அடிக்கான்யா!"

இருவரும் மாறி மாறி அத்தாட்சி சொன்னார்கள். குரு கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க சொல்லுங்க மேடம், எது?"

"ரெண்டு பேரும் நல்லாத்தான் சொல்லுறீங்க. கை ஓங்குறதும் தெரியுது, குனியுறதும் தெரியுது."

"அப்ப என்னதான் அது?"

"எனக்குக் கூட்டம்தான் தெரியுது. நாம மூணாவது மாடியில இருக்கோம். சரி, ரிப்போர்ட்டை எழுதுங்க, அந்தம்மா வந்திருவாங்க."

கோலப்பனுக்குச் சுருக்கென்றது. ஒரு கேள்வி கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டாரா இந்த அம்மா? வெடுக்கென்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினார். நன்றாகவே எழுதினார், அதில் குறை சொல்ல முடியாது. இதுவும் பொருந்தும், அதுவும் பொருந்தும், இன்றைய நிலையில் ஒன்றை மட்டும் சொல்ல அத்தாட்சி போதாது என்று நேர்மையாக முடித்தார். பிரதி எடுத்துக் குருவிடம் நீட்டினார்.

குரு படித்தார். தலையாட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் நின்றார்.

"இது என்ன போட்டிருக்கீங்க?"

"எது மேடம்?"

"வாசிங்க."

கோலப்பன் வாசித்தார். "நோயாளியோடு ஒத்துப் பார்க்கவும்."

"யாரு ஒத்துப் பாக்கணும்?"

"தோல் டாக்டர்."

"எந்தத் தோல் டாக்டர்?"

டேவிட்சன் சட்டென்று திரும்பி எதையோ தேடுகிறவர் போல அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

"நான்தான்" என்றார் கோலப்பன்.

"கடைசியா அந்தம்மாவைத் தொட்டுப் பார்த்தது எப்ப?"

சித்திரை வெயிலில் துண்டு எடுத்தபோது பார்த்தது. அதற்குப் பிறகு அவர் பார்த்ததெல்லாம் தகட்டைத்தான். அவள் வந்தபோதெல்லாம், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார். நினைத்துப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"போயிட்டு வாரேன்" என்றார்.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார். தோல் பிரிவு வராந்தாவில் உலகம்மாள் இல்லை. "இப்ப இங்கதான் சார் இருந்தாங்க, கேட்டுப் பக்கம் போனாங்க" என்றார் நர்ஸ் ஸ்டெல்லா. கோலப்பன் வாசலுக்குப் போனார்.

கூட்டம் இன்னும் கலையவில்லை. பிளாஸ்டிக் சாமான் விற்கும் குட்டியானை வண்டி ஒன்று நின்றது. வியாபாரி ஒரு பெரிய நீல டிரம்மைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, கட்டையை ஓங்கி ஓங்கி அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தான். "யானை ஏறி மிதிச்சாலும் உடையாது தாய்மாரே!" முன்வரிசை குனிந்து, கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தது.

கோலப்பன் நிமிர்ந்து மூன்றாவது மாடியைப் பார்த்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

குனிந்து பார்த்தவர்களில் ஒருத்தி தலையைத் தூக்கினாள். உலகம்மாள்.

"விலைதான் கேட்டேன் டாக்டரையா" என்றாள், கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி. "தளம் போட்டா நாள் கணக்கா தண்ணி விடணும்லா, அதுக்கு டிரம் வேணும். வாங்கல. சும்மா கேட்டேன்."

"வாங்க உள்ள."

"பேரு தெரிஞ்சிட்டா?"

"முதல்ல உங்களைப் பாக்கணும்."

ஸ்டெல்லாவைக் கூட வைத்துக்கொண்டு, மறைப்புக்குப் பின்னால் அவளைப் படுக்கவைத்துப் பார்த்தார். அவசரமே படவில்லை. திட்டுகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. எதுவும் தடிக்கவில்லை, எங்கும் கட்டி இல்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாக நீவினார். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். இல்லை. கழுத்து, கை, முழங்காலுக்குக் கீழே, வெயிலில் நின்று கல் சுமக்கிறபோது வெயில் படுகிற இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. துணி மூடிய இடத்தில்தான் திட்டு. இது எதுவும் தகட்டில் கிடையாது. தகட்டில் இருந்தது மிளகு அளவு தோல்.

உலகம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க."

"அந்த ரெண்டு பெரியவங்க சொன்ன பேரு ரெண்டுமே இன்னும் நிக்குது. மேல போய் நானும் பாத்தாச்சு. இன்னைக்குத் தேதிக்கு எதுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது."

அவள் முகம் விழுந்துவிட்டது. "இதுக்கா இத்தன மாசம்?"

"நான் சொல்லி முடிச்சிருதேன்."

"இருங்க, நான் ஒண்ணு கேக்கேன். அந்தப் புத்துப் பேருன்னா எனக்கு என்ன வைத்தியம் செய்வீங்க?"

"இந்த நிலையிலயா? புற ஊதாக்கதிர் வெளிச்சம் குடுப்போம். வெயிலையே ஒரு பெட்டிக்குள்ள அடைச்சு வச்ச மாதிரி இருக்கும், உள்ள நிக்கணும். தடவக் களிம்பு. நான் விடாம வரச்சொல்லிப் பாப்பேன், தேவைப்பட்டா இன்னொரு துண்டு எடுப்பேன்."

"சரி. அந்த இன்னொரு பேருன்னா?"

கோலப்பன் சொல்ல ஆரம்பித்தார். "புற ஊதாக்கதிர் வெளிச்சம்..." என்றார். "களிம்பு..." என்றார்.

"விடாம வரச்சொல்லிப் பாப்பீங்க?" என்றாள் அவள்.

"ஆமா."

"தேவைப்பட்டா இன்னொரு துண்டு?"

"ஆமா."

உலகம்மாள் எழுந்தேவிட்டாள். "அட பாவிகளா! ரெண்டுக்கும் ஒரே வைத்தியம்னா பெறகு எதுக்கு அவங்க அப்படி அடிச்சுக்கிடுதாவ? நீங்களாவது இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா? நான் ராத்திரி பூரா வானத்தைப் பாத்துக்கிட்டுக் கிடந்தேனே!"

ஸ்டெல்லா அவளை உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்தார். கோலப்பன் தடுக்கவில்லை. திட்டட்டும் என்று இருந்தார். அவள் சொல்வது அத்தனையும் அவருக்கு முன்பே தெரிந்ததுதான், அவர் மாத்திரைக்கும் களிம்புக்கும் சீட்டு எழுதாத நாளில்லை. பெயரைத் துரத்திக்கொண்டு போனதில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாமல் போய்விட்டது.

"சொல்லிருக்கணும்" என்றார். "தப்புத்தான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் இறங்கியது. "நான் செத்துருவேனா, மாட்டேனா?"

"பொய் சொல்லமாட்டேன். ரொம்பக் கொஞ்சப் பேருக்கு வருஷம் போகப் போக இது தடிக்கும், கட்டி வரும். அதைப் பிடிக்கத்தான் வரச்சொல்லுதேன். இன்னைக்கு உங்க உடம்புல அதுக்கு அடையாளம் ஒண்ணும் இல்ல. இது தடவிப் பாத்த கை சொல்றது. இந்த நிலையில இருக்கவங்க எந்தப் பேரோட இருந்தாலும் நல்லா வயசாகித்தான் போறாங்க."

அவள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தளம்?"

"போடுங்க. மழைக்கு முன்ன போடுங்க. வெளிச்சம் குடுக்குற அன்னைக்கு மட்டும் வேலைக்குப் போகாம இங்க வந்திரணும்."

"வந்திருதேன்." கிளம்ப எழுந்தவள் திரும்பினாள். "தளம் போடுற அன்னைக்கு ஆளுகளுக்குக் கறிச்சோறு போடணும். நீங்களும் வரணும்."

"வாரேன்."

"மேல இருக்க டாக்டரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவுகளும் ஒருநா என்னைப் பாக்கட்டும்."

அவள் போன வேகத்தைக் கோலப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வண்டி கிளம்பிவிடக் கூடாதே என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். வியாபாரியிடம் அவள் பேரம் பேசும் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. மனசு லேசாகி ரொம்ப நாளாகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

மாடிக்குத் திரும்பினார். குரு மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார், தலை நிமிரவில்லை.

"கூட்டம் என்னவாம்?"

"டிரம் விக்கான் மேடம். உலகம்மாளும் ஒண்ணு வாங்குதாங்க, தளம் போடுற அன்னைக்கு உங்களையும் வரச்சொன்னாங்க."

அலமாரிப் பக்கமிருந்து டேவிட்சன், "அப்ப கையை ஓங்கினது சார்?" என்றார்.

"ஓங்கத்தான் செய்தான். நீரும் சரியாத்தான் பாத்திருக்கீரு."

கோலப்பன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கடைசி வரியை அழித்தார். அந்த இடத்தில் வேறு எழுதினார். பிரதியை எடுத்துக் குருவிடம் கொடுத்தார்.

குரு வாசித்தார். 'நோயாளியோடு ஒத்துப் பார்த்தேன்' என்றிருந்தது. அதன்கீழே தடிப்பு இல்லை, கட்டி இல்லை, நெறி இல்லை, வெயில் பட்ட இடம் சுத்தம் என்று எழுதி, என்ன வைத்தியம், எப்போது மறுபடி பார்ப்பது என்பதும் இருந்தது. குரு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கோலப்பன் நகரவில்லை.

"இன்னும் என்ன டாக்டர்?"

"வேலை முடிஞ்சிட்டு மேடம். இருந்தாலும் மனசு கேக்கல. இத்தனை வருஷமா இதைப் பாக்குறீங்க. சும்மா எனக்காகச் சொல்லுங்க, வெளிய சொல்லமாட்டேன். நீங்க சேர்க்கிற கட்சியா, பிரிக்கிற கட்சியா?"

குரு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைத்தார்.

"நான் மூணாவது மாடி, டாக்டர். அந்தம்மா என்னைக்குத் தளம் போடுறாங்க?"